தாய்மாமன் வருவாரோ என்று ஐயர் கேட்டதற்கு

கபிலனுக்கு,

நான் உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் அப்பா பயந்துபோனார். "என்ன, வீட்டை விட்டுப் போறீரோ?" என்று கேட்டார். அப்படியொன்றும் இல்லை. உன்னோடு வாயால் கதைத்துக் களைத்துவிட்டேன், அவ்வளவுதான். நான் தமிழில் தொடங்குவேன், நீ பாதியிலேயே நோர்வேஜியனுக்குத் தாவுவாய், கடைசியில் எதைப் பற்றிச் சண்டை பிடித்தோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் தாளும் பேனையும். கையெழுத்து விளங்காவிட்டால் சத்தமாக எழுத்துக்கூட்டி வாசி. பனியென்றும் பாராமல் உன்னைச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இதுவரை ஒரு பிரயோசனத்தையும் நான் காணவில்லை. இன்றைக்காவது காண்போம்.

முதலில் ஐயர் வந்த நாளைப் பற்றி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கரைச்சல் அங்கேதான் தொடங்கியது. உன் கலியாணத்துக்கு என்னென்ன ஆயத்தம் செய்யவேண்டும் என்று சொல்வதற்காக அவர் எங்கள் எல்லிங்ஸ்ருட் வீட்டுக்கு வந்திருந்தார். நீயும் நீ கட்டப்போகிற மாரெத்தும் சோபாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பாலறுகுக்கு அறுகம்புல் வேண்டும் என்றார். குறொன்லாண்ட் தமிழ்க் கடைகளில் கருவேப்பிலை கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், அறுகம்புல்லுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டேன். பின்பக்கத்துப் பந்தடிக்கிற திடலில் எவ்வளவோ புல் இருக்கிறதே என்றார் அப்பா. ஐயர் அடுத்த சாமானுக்குப் போனார். மாரெத் சிரித்துக்கொண்டே பாலறுகு என்றால் என்ன என்று கேட்டாள். கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைப் பலகையில் இருத்தி, பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து, தண்ணீர் ஊற்றித் தோயவார்க்கிற சடங்கு, அதைத் தொடங்கிவைக்கிறவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று நீயே அவளுக்கு விளக்கினாய். நன்றாகத்தான் விளக்கினாய். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போதுதான் ஐயர் என் பக்கம் திரும்பி, "தாய்மாமன் வருவாரோ?" என்றார்.

"அவர் அங்கை" என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சொல்லுகிற பதில் இதுதான். டொக்டர் கேட்டாலும், வேலைசெய்கிற இடத்தில் கேட்டாலும், கோயிலில் புதிதாகப் பழகினவர்கள் கேட்டாலும், ஒரு தம்பி, அங்கை இருக்கிறான். அங்கை என்றால் எங்கே என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கேட்கக்கூடாது என்று தெரியும், நோர்வேக்காரருக்குக் கேட்கத் தோன்றாது. ஐயர் பாவம், அவருக்கு அலுவல் முடியவேண்டுமே. "அப்ப விசா அலுவல் பாக்கேல்லையோ? நாள் கிட்டுது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "மாமா இல்லை, ஐயா."

உன்னிடம் கேட்கிறேன், கபிலன், அந்த 'இல்லை'யை நீ எந்த அர்த்தத்தில் சொன்னாய்? இங்கே இல்லை என்றா? தமிழில் ஒரு மனிதரை இல்லை என்று சொன்னால் செத்துப்போனார் என்றுதான் அர்த்தம் வரும். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லப் பார்த்தேன். ஆனால் ஐயர் தலையைக் குனிந்து, "அப்பிடியோ, பரவாயில்லை, மாமன் முறையான ஆரும் நிக்கலாம்" என்றபோது நீ அதைத் திருத்தவில்லை. மாறாகத் திராமனில் இருக்கிற ரவியின் பெயரைச் சொன்னாய். ரவி என் பெரியம்மாவின் மகன், நல்லவன், கூப்பிட்டால் நிற்பான். யாரும் கேட்பதற்கு முன்னமே பட்டுவேட்டி வாங்கிவிட்டானாம். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த அரசாங்கமும் எழுதித் தராத ஒன்றை, என் அம்மா சாகும்வரை வாயால் சொல்லாத ஒன்றை, நீ என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு சொல்லில் முடித்துவைத்தாய். நான் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிப் போனேன். யாரும் தேத்தண்ணி கேட்டிருக்கவில்லை. குடும்பம் நடத்தப்போகிறாய், ஆகவே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். ஒருவர் சொல்லத் தயங்குகிற சொல்லை அவருக்காக நீ முந்திக்கொண்டு சொல்லாதே. அது உதவி என்று நீ நினைப்பாய், மற்றவருக்கு அது அப்படித் தெரியாது.

மாரெத்தைப் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் கிடையாது. இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லாமல் நீ இருக்கப்போவதில்லை. முதன்முதல் நீ அவளைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, அவள் சாமி" என்றாய். நான் என்னத்தைக் கண்டேன்? "அப்ப பிள்ளை மச்சம் மாமிசம் சாப்பிடாதோ?" என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சாமி என்றால் வடக்கில் கலைமான் வளர்க்கிற மக்கள், இந்த நாட்டின் பழங்குடிகள் என்றாய். அதை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்குமே! நான் வேலைசெய்கிற பாலர் பள்ளியில் ஒவ்வொரு பெப்ரவரியும் அவர்களுடைய தேசிய நாளுக்கு அந்தக் கொடிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து நிறம் தீட்டுகிறேன். கடதாசியில் எத்தனையோ கலைமான் வெட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மக்களின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிக்கூடங்களில் வைத்தார்கள், சொந்த மொழியைக் கதைத்தால் தண்டித்தார்கள் என்று நிறம் தீட்டுகிற நேரத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாரெத்தின் தகப்பன் நீல்ஸ் அப்படியொரு விடுதியில் வளர்ந்தவர் என்று அறிந்தபோதுதான் எனக்கு அவரைக் கொஞ்சம் விளங்கியது. இளம் வயதில் ஒஸ்லோவுக்கு வந்து மின்சார வேலைசெய்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் "வடக்கு" என்பாராம், அதற்குமேல் ஒரு சொல் வராதாம். பெற்ற மகளுக்குக்கூடத் தன் மொழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் வளர்ந்த பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறாள். அவருடைய வடக்கும் என்னுடைய அங்கையும் ஒரே மாதிரியான பதில்கள் என்று எனக்குப் பட்டது. அதை உன்னிடம் சொன்னதுதான் நான் விட்ட பிழை.

ஏனென்றால் கலியாணத்துக்கு முன்னம் தகப்பனை அந்த விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று மாரெத் தீர்மானித்ததும், நீ என்னையும் இழுத்தாய். அவளுடைய ஆட்கள் பலர் இப்படிச் செய்கிறார்களாம். தங்களை நோகடித்த இடத்துக்குத் தாங்களாகவே திரும்பிப் போய் நின்றுவிட்டு வருகிறார்களாம், அதில் ஒரு ஆறுதல் கிடைக்கிறதாம். கிடைக்கட்டும். அதற்கு நான் எதற்கு? ஒரு கலியாணம் என்றால் கூறைச்சீலை எடுக்கவேண்டும், மண்டபம் பார்க்கவேண்டும், சமையல்காரரோடு சண்டை பிடிக்கவேண்டும். பழைய விடுதி பார்க்க விமானம் ஏறிய சம்பந்தி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உன்னிடம் கேட்டதற்கு, "சம்பந்தி எண்டால் சொந்தம் எண்டு நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள்?" என்றாய். என் சொல்லைக் கொண்டே என்னை மடக்குவதற்கு மட்டும் உனக்குத் தமிழ் சரளமாக வரும். சரி என்று ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் பையைச் சோதித்த பெண் அதை ஒவ்வொன்றாகப் பார்த்ததும், நீ என்னைத் தெரியாதவன் மாதிரித் தள்ளி நின்றதும் எனக்கு மறக்கவில்லை.

போய் இறங்கி வாடகைக் காரில் போனபோது, வழியில் நீ உன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கொடுமைகளை எடுத்துவிட்டாய். சனிக்கிழமைகளில் நண்பர்கள் எல்லாரும் சறுக்கி விளையாட, உன்னை மட்டும் அம்மா கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவாளாம். நீல்ஸ் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். "உன்னை உன்ரை மொழிக்குள்ளை இழுத்துக்கொண்டு போனவையோ?" என்று நோர்வேஜியனில் கேட்டார். நீ ஓம் என்று சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? நீ ஜன்னலுக்கு வெளியே கலைமான் தேடிக்கொண்டிருந்தாய்.

நான் பயங்கரமான ஒரு கட்டடத்தை மனதில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தது மஞ்சள் நிறம் பூசிய சாதாரண மரக்கட்டடம். முன்னால் ஊஞ்சல்கூட இருந்தது. இப்போது ஊர்ச்சங்கத்துக்காரர் கதிரை மேசை அடுக்கிவைக்கிறார்களாம். நீல்ஸின் அக்கா ராவ்னா, அந்த ஊரைவிட்டு ஒருநாளும் போகாதவர், கதவின் திறப்போடும் ஒரு தேமஸ் போத்தல் கோப்பியோடும் வாசலில் நின்றார். உள்ளே போனோம். பெண்பிள்ளைகள் படுத்த பக்கம் இது, பெடியன்கள் படுத்தது அது என்று அவர் கையைக் காட்டிக்கொண்டு போனார். நீல்ஸ் இரண்டு கையையும் ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டு சுவரில் இருந்த மின்சாரப் பொருத்திகளையே பார்த்தார். "இது பிழையாப் பூட்டியிருக்கு, எப்பவாவது நெருப்புப் பிடிக்கும்" என்றார். நீ அவருக்குப் பக்கத்தில் போய், தலையை ஒருபக்கம் சரித்துக்கொண்டு, "இப்ப உங்களுக்குள்ளை என்ன உணருறீங்கள்?" என்று கேட்டாய். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. அந்த மனிதர் உன்னைப் பார்த்து, "குளிருது" என்றார். கபிலன், நாளைக்கு மாரெத் ஏதாவது மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடாதே. தேத்தண்ணி வேண்டுமா என்று கேள். நான் அன்றைக்கு ரோல்ஸை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். ராவ்னா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளிக்கிடும்போது ராவ்னாவின் கைகளில் தேமஸும் கோப்பைகளும் இருந்ததால் கதவை நான் பூட்டினேன். வீட்டிலோ வேலையிலோ கதவைச் சாத்தும்போது வாய் தானாகச் சொல்லுகிறதைத்தான் அங்கேயும் சொன்னேன்: "சரி, போட்டு வாறம்." என்ன சொன்னேன் என்று நீல்ஸ் கேட்டார். நீ பெரிய மொழிபெயர்ப்பாளன், ஒரு எழுத்தும் விடாமல் சொன்னாய், போய்விட்டுத் திரும்பி வருகிறோம் என்று. நீல்ஸின் முகம் சிவந்துபோனது. "நான் வரமாட்டன். இஞ்சை நான் திரும்பி வரவே மாட்டன்" என்றார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. அது வெறும் பழக்கம், நாங்கள் விடைபெறுகிற விதம் அது, 'போறன்' என்று எங்கள் ஆட்கள் வாசலில் நின்று சொல்லமாட்டார்கள், அப்படிச் சொல்லிக்கொண்டு போனால் திரும்பி வராத போக்கு என்று அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியனில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் கைகளைப் பைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் படியில் நின்றுகொண்டு சொன்னார்.

அவர்களுடைய மொழியில் விடைபெறுவதற்கு இரண்டு சொல் இருக்கிறதாம். போகிறவர் "பாத்ஸே தெர்வன்" என்று சொல்லுவார், சுகமாக இரு என்று அர்த்தம். நிற்கிறவர் "மானா தெர்வன்" என்று மறுமொழி சொல்லுவார், சுகமாகப் போ என்று அர்த்தம். அவரைச் சின்னப்பிள்ளையாக விடுதியில் கொண்டுவந்து விட்ட நாளில் தாய் இதே படியில் நின்று "பாத்ஸே தெர்வன்" என்று சொன்னாராம். விடுதிக்காரியின் கை இவருடைய தோளில் இருந்ததாம். இந்த வேலிக்குள் அந்த மொழி கூடாது என்று அதற்கு முன்னமே சொல்லிவிட்டார்களாம். இவர் வாயைத் திறக்கவில்லை. தாய் மறுமொழிக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பிறகு விடுமுறைக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார், சமைத்துக் கொடுத்தார், கடைசிவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த மறுமொழி இன்னும் என்னட்டைத்தான் கிடக்கு" என்றார் நீல்ஸ். சொல்லிவிட்டுத் தாய் இறங்கிப் போன வழியைப் பார்த்துத் திரும்பி நின்று, "மானா தெர்வன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கிற ஆளுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். ராவ்னா தேமஸைக் கீழே வைத்தார். தகப்பன் தன் மொழியில் கதைத்ததை முதன்முதல் கேட்ட மாரெத் அழுதாள், நீயும் அழுதாய். எனக்கு அழுகை வரவில்லை. பொறாமை வந்தது. அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருந்தால் உடனே ஒரு பெயர் வைத்திருப்பாய் என்றுதான் பேசாமல் காரில் ஏறினேன்.

விமானத்தில் இருந்துகொண்டு என் கையைத் தட்டி, "இப்ப உங்கடை முறை, அம்மா" என்றாய். வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றுவதற்குள் யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெட் போட்டு என் போனுக்கு அனுப்பிவிட்டாய். கேட்டுச் செய்கிற பழக்கம் உன் அப்பாவின் வம்சத்திலேயே இல்லை. "உங்கடை ஊரிலை அந்தப் பள்ளிக்கூட முற்றத்துக்குப் போய் மாமாவுக்குப் பிரியாவிடை சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு ரவி மாமா பாலறுகு வைக்கலாம். இல்லாட்டி உங்கடை காயம் எனக்கும் வரும், என்ரை பிள்ளையளுக்கும் வரும்" என்று போனில் ஒரு பிரசங்கம் வேறு. எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, அது உனக்கு வரும் என்றால் நம்புகிறேன், அதற்குத்தான் சோற்றைக் குறை என்று கத்துகிறேன். அன்றைக்குத்தான் போனை அடித்து வைத்தேன். அதன் பிறகு நீ எடுத்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. அப்பா இடையில் நின்று மாட்டுப்பட்டார்.

மாமாவைக் கொண்டுபோன அந்த நாளைப் பற்றி நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். விடியற்காலையில் ஊரைச் சுற்றிவளைத்தார்கள். எந்தச் சீருடை என்று எழுதவில்லை, அந்த நாட்களில் எங்கள் ஊருக்குள் பல சீருடைகள் வந்து போயின. எல்லாரும் பள்ளிக்கூட முற்றத்துக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பெண்களை ஒருபக்கமும் ஆண்களை ஒருபக்கமும் வெயிலில் இருத்தினார்கள். நேசன், உன் மாமா, ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், கட்டின சாரத்தோடு வந்திருந்தான். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட ஒருவனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். தலையாட்டி என்று சொல்வோம். ஆண்களை ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அவன் பேசாமல் நின்றால் வீட்டுக்குப் போகலாம், தலையை ஆட்டினால் வாகனத்தில் ஏறவேண்டும். நேசனுக்குத் தலை ஆடியது. வாகனத்துக்குப் போகிற வழி நாங்கள் இருந்த வரிசையைத் தாண்டித்தான் இருந்தது. அவன் என்னைக் கண்டு, ரியூசனுக்குப் போகிறவன் மாதிரி, "அக்கா, போட்டு வாறன்" என்றான். நான், "ஓம், போட்டு வா" என்றேன்.

இதுதான் நடந்தது. இப்போது விளங்குகிறதா எனக்கு ஏன் கோபம் வந்ததென்று? நீல்ஸ் சொல்லாமல் விட்ட மறுமொழி ஒன்று இருந்தது, போனார், சொன்னார், அவருக்கு நல்லது. அவர் அந்த இடத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவர். எனக்கும் என் தம்பிக்கும் இடையில் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை. அவன் முறையாகச் சொன்னான், நான் முறையாக மறுமொழி கொடுத்தேன். இனி அவன் வரவேண்டும், அது ஒன்றுதான் மிச்சம். நான் அந்த முற்றத்துக்குப் போய்ப் பிரியாவிடை சொன்னால், வருகிறேன் என்று சொன்னவனைப் பார்த்து நீ வரவேண்டாம் என்று நானே சொல்வதாகும். ஊருக்கு இரண்டு தரம் போய்வந்தும் அந்தப் பள்ளிக்கூட ஒழுங்கையால் நான் நடக்காததற்குக் காரணம் இதுதான். பயம் என்று நீ நினைத்தாய். பயமும் இருந்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட, அவனை அங்கே விட்டுவிட்டு நான் திரும்பி நடக்கவேண்டி வருமே என்பதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு இடத்துக்குப் போனால் எல்லாருக்கும் ஒரே மருந்து கிடைக்கும் என்று உனக்கு யார் சொன்னது? நீல்ஸ் சொல்லவில்லை. மாரெத்தும் சொல்லவில்லை. நீயாக எடுத்துக்கொண்டாய்.

இவ்வளவும் எழுதிவிட்டு, வரமாட்டேன் என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். நேற்று அப்பாவோடு கலியாணம் சொல்லுகிற முறையைப் பற்றிக் கதைத்ததில் எல்லாம் குழம்பிப்போனது. சொல்லுகிறது என்றால் என்ன என்று மாரெத்துக்கு விளக்கிவிடு. கலியாணத்துக்கு ஒருவரை அழைப்பதை நாங்கள் சொல்லுகிறது என்றுதான் சொல்வோம். அவர் இருக்கிற இடத்துக்குப் போய், முகத்தைப் பார்த்து, வாயால் சொல்லவேண்டும். அழகான கார்ட் தபாலில் வந்தாலும் அது சொன்னதாகாது. "எங்களுக்குச் சொல்லேல்லை" என்று இன்றைக்கும் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காத குடும்பம் இதே எல்லிங்ஸ்ருட்டில் இருக்கிறது. "முதல் ஆருக்குச் சொல்லுறது?" என்று அப்பா கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. பெடியனுக்குக் கலியாணம் என்றால் முதலில் தாய்மாமனுக்குத்தான் சொல்லவேண்டும். "அவன் இருக்கிற இடம் தெரியாது" என்றேன். கலியாணம் கட்டின நாளிலிருந்து இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டறியாத மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கடைசியா நிண்ட இடம் தெரியும்தானேயப்பா" என்றார்.

ஆகவே ரிக்கெட்டை ரத்துச் செய்யவேண்டாம். வருகிறேன். ஆனால் ஆறுவதற்கு வருகிறேன் என்றோ, பிரியாவிடை சொல்ல வருகிறேன் என்றோ யாரிடமாவது சொல்லித் திரியாதே. கலியாணம் சொல்ல வருகிறேன். மாரெத்தும் வரட்டும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பது மாமனுக்கு மரியாதை. அங்கே இப்போதும் பள்ளிக்கூடம் நடக்கிறது, அதிபரிடம் கேட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு உள்ளே போவோம். அந்த இடத்தில் நின்று படம் எடுக்காதே. என்ன உணருகிறேன் என்று என்னைக் கேட்டாயோ, அடுத்த விமானத்தில் தனியாகத் திரும்பி வந்துவிடுவேன். சொல்லவேண்டியது நீதான், மாப்பிள்ளை நீதானே. நல்ல தமிழில் சொல்லு, இடையில் நோர்வேஜியனைக் கலக்காதே, அவனுக்கு விளங்காது. "மாமா, எனக்குக் கலியாணம். நீங்கள் வந்து பாலறுகு வைக்கவேணும்" என்று சொன்னால் போதும். நான் பின்னால் நிற்பேன். அதற்குப் பிறகு வருவதும் வராததும் அவனுடைய விருப்பம். கலியாணத்தன்று காலையில் ஐயர் கூப்பிடுகிற நேரம்வரைக்கும் பார்ப்போம். அப்போதும் காணவில்லை என்றால் ரவி வந்து நிற்கட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஐயருக்கு இன்றைக்கே போன் எடு. மாமா இல்லை என்று சொன்னது பிழை, மாமாவுக்குச் சொல்லப் போகிறோம் என்று சொல்லு. அவன் பொல்லாத ரோசக்காரன், உனக்குத் தெரியாது. ஒருமுறை பக்கத்து ஒழுங்கைக் கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர்கள், அவன் வெளியே போயிருந்த நேரம் எங்கள் அப்பா அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்குச் சொன்னால் உனக்கும் சொன்னதுதானே என்று எல்லாரும் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தோம். தோய்ந்து, வேட்டிகூடக் கட்டிவிட்டு, வாசல்வரை வந்து திரும்பிப் போய் உள்ளே படுத்துக்கொண்டான். சொல்லாத கலியாணத்துக்கு அவன் வரமாட்டான்.

அம்மா